சித்தி வைத்த புள்ளி

நாற்பத்தெட்டு கத்திகள் ஒரு புதன்கிழமை காலையில் பட்டறையை விட்டுக் கிளம்பின. அதே வேனில் நானும் கிளம்பினேன். பார்சல் ஆபீஸ் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அதனால் சித்தி என்னை டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். பின்னால் அட்டைப்பெட்டிகளுக்குள் கத்திகள் எண்ணெய்த் தாள் சுற்றிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் இருந்தது. எனக்கு மட்டும்தான் இல்லை.

"போற இடத்துல மட்டமான கத்தி வாங்கி வெட்டாதே. நம்ம மானம் போயிடும்" என்றாள் சித்தி ஜன்னல் வழியாக. அதுதான் அவள் சொன்ன பிரியாவிடை. வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம். அவள் மேசையில் அடுத்த வேலை காத்திருந்தது.

அந்த நாற்பத்தெட்டும் தப்பான கத்திகள் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. சித்திக்குமே தெரியாது. அதுதான் விஷயம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கையால் கத்தி செய்கிற அந்தப் பட்டறையில் தரம் பார்ப்பது அவள் வேலை. முதலில் பேக்கிங்கில்தான் சேர்ந்தாள். கத்தியைத் துடைத்து, தாளில் சுற்றி, பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனாள். மரப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகிக் காட்டினாள்.

"இதுல தாள் போகுது சார். தாள் போனா தண்ணி போகும். தண்ணி போனா துரு வரும்."

முதலாளி கத்தியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். மறுநாள் ஜன்னலோரமாக ஒரு மேசையைப் போட்டு, "இனிமே நீ பார்த்தது மட்டும்தான் வெளியில போகணும்" என்று சொல்லிவிட்டார்.

தாள் போன அந்தப் பிடியைப் போட்டவர் கோபமாகச் சண்டைக்கு வந்தார். ஆறு மாதம் கழித்து அவரே கல்யாணப் பேச்சோடு வந்தார். அவர்தான் என் சித்தப்பா. "வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா வெளியில ரிஜெக்ட் பண்ண மாட்டாள்னு நினைச்சேன்" என்று இன்றைக்கும் சொல்வார். கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே அவருடைய பிடிகளில் மூன்றைத் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து பட்டறையில் அவளுக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். முகத்துக்கு நேராக என்றால் 'ரிஜெக்ட் அக்கா'.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கத்தியைக் கண் உயரத்துக்குத் தூக்கி, முதுகு வழியாக நீளவாக்கில் பார்ப்பாள், வளைவு இருக்கிறதா என்று. அப்புறம் வெட்டும் விளிம்பை விளக்குக்கு நேராகத் திருப்புவாள். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. எங்கேயாவது ஒரு மினுக்கு தெரிந்தால் அந்த இடம் மழுங்கல். கட்டைவிரல் நகத்தின்மேல் விளிம்பை வைப்பாள். நகத்தைப் பிடித்துக்கொண்டால் சரி, நழுவினால் சாணைக்குத் திரும்பும். பிடியின் கழுத்தில் பித்தளைப் பூண் ஒன்று இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பூணில் சின்ன உளியை வைத்து ஒரு தட்டு தட்டுவாள். கடுகளவு புள்ளி விழும். புள்ளி இல்லாத கத்தி பட்டறை வாசலைத் தாண்டாது.

வாங்குகிறவர்களுக்கும் அந்தப் புள்ளி தெரியும். பெட்டிக்குள் வைக்கிற சீட்டிலேயே முதலாளி அச்சடித்திருந்தார்: 'புள்ளி உள்ள கத்தி, பார்த்து அனுப்பிய கத்தி.'

இந்தச் சோதனைகளெல்லாம் கடைசியில் செய்வது. அதற்கு முன்னால் ஒன்று உண்டு. அலகை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். துவைச்சல் என்பார்கள். அப்போது அலகு கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும், கீழே விழுந்தால் உடைந்தே போகும். அதனால் ஒரு அடுப்புப் பெட்டியில் மிதமான சூட்டில் வைத்து அந்த முறுக்கைக் கொஞ்சம் தணிப்பார்கள். அளவாகத் தணிந்தால் அலகு வைக்கோல் நிறத்துக்கு வரும். சூடு கூடிப்போனால் ஊதாவாகும். ஊதாவான அலகு உடையாது, ஆனால் கூரும் தங்காது. இது உலைக்காரரின் பொறுப்பு. அடுப்பிலிருந்து வந்த அலகைச் சித்தி வாங்கி, ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். அலகு கெட்டியாக இருந்தால் அரம் வழுக்கும். மிருதுவாக இருந்தால் அரம் கடிக்கும். வழுக்கினால்தான் அலகு சாணைக்குப் போகும்.

அந்த அரத்தைச் சித்தி யாருக்கும் கொடுக்க மாட்டாள். பதினோரு வருடமாக ஒரே அரம். "கை பழகின அரம், அது என்கிட்ட பேசும்" என்பாள். சித்தப்பா ஒருமுறை அவசரத்துக்கு எடுத்துவிட்டு இரண்டு நாள் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

நான் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் உலைக்காரர் ஒரு அலகைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். பெரிய உருவம், குறைந்த பேச்சு. சித்தியை 'தங்கச்சி' என்று கூப்பிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அன்று நானும் அங்கேதான் இருந்தேன்.

"தங்கச்சி, இந்தக் கலரைப் பாரேன். வைக்கோலைத் தாண்டி ஊதா அடிக்கிற மாதிரி இருக்கு."

சித்தி அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அரம் வழுக்கிக்கொண்டு போனது.

"வழுக்குது அண்ணே. கெட்டியாத்தான் இருக்கு."

"அரம் வழுக்குது, சரி. கலர்?"

"கலரை வச்சா காய் நறுக்கப் போறாங்க? முதல்ல உங்க பக்கத்து டியூப் லைட்டை மாத்தச் சொல்லுங்க. அதுல பார்த்தா நானே ஊதாவாத்தான் தெரிவேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். உலைக்காரர் சிரிக்கவில்லை. அலகை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதோடு சேர்த்து அன்று அடுப்பிலிருந்து வந்தவை மொத்தம் ஐம்பது. ஐம்பதிலும் அரம் வழுக்கியது. சாணைக்குப் போனதும் நிறமெல்லாம் உரிந்து ஐம்பதும் வெள்ளியாகப் பளபளத்தன. அதற்கப்புறம் கடவுளே வந்து பார்த்தாலும் ஊதா தெரியாது.

ஒவ்வொரு தடவை செய்கிற கத்திகளிலும் ஒன்றைத் தேதி எழுதிச் சுவரில் மாட்டிவைப்பது வழக்கம். அப்படி ஒன்று போனது. இன்னொன்றைச் சித்தி பிடியில் மயிரிழை இடைவெளி என்று சொல்லி நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுபோனாள். எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த கத்திகள் எல்லாமே சித்தப்பாவின் பாவங்கள்தான். மிச்சம் நாற்பத்தெட்டில் புள்ளி விழுந்தது.

மூன்று வாரம் கழித்து சித்தியிடமிருந்து எனக்கு போன் வந்தது. நான் அப்போது கடல் தாண்டி, ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"தக்காளிமேல கத்தி வழுக்குதுடி."

"எந்தக் கத்தி?"

"அன்னைக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தேனே, அது. நாலு நாளைக்கு ஒரு தடவை தீட்டுறேன். மறுபடியும் மழுங்குது. இப்ப என் அரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து இழுத்துப் பார்த்தேன். அரமும் வழுக்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"எது?"

"தக்காளி எதுக்குடி பொய் சொல்லப் போகுது?" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போயிருக்கிறாள். சாமான் அறையில் பிரிக்காமல் கிடந்த புது அரம் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தியில் இழுத்தாள். கரக் என்று கடித்தது. மேசையில் இரும்புத்தூள் விழுந்தது. பிறகு தன் பழைய அரத்தை எடுத்து ஜன்னல் கீலில் தேய்த்தாள். கீல் சாதாரண இரும்பு, யார் வேண்டுமானாலும் கீறலாம். பழைய அரம் அதிலும் சறுக்கிக்கொண்டு போனது. பதினோரு வருடம் கெட்டியான அலகுகளில் மோதி மோதி அதன் பற்கள் செத்துப்போயிருந்தன. இனி அது எதன்மேலும் வழுக்கும். அவளிடம் அது பேசிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரே வார்த்தையை.

சுவரில் மாட்டியிருந்த கத்திகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புது அரத்தால் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கடைசித் தேதி போட்டது மட்டும் கடித்தது; அதற்கப்புறம் அடுப்பை இன்னும் மூட்டவில்லை. ஒரு தடவைதான் தப்பியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு தடவையில் நாற்பத்தெட்டு வீட்டுக்கு அவள் புள்ளி போயிருக்கிறது.

தேநீர் நேரத்தில், எல்லாரும் கூடியிருக்கும்போது, நேராக உலைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்ன கலர்தான் சரி. நான் சொன்னது தப்பு. என் அரம் செத்துப்போச்சு."

உலைக்காரர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "என்ன தங்கச்சி? இந்தப் பக்கம் காது கொஞ்சம் மந்தம்."

அவள் சத்தமாகச் சொன்னாள்.

"சாணை ஓடுது, சரியா கேக்கல."

சித்தப்பா எழுந்துபோய்ச் சாணையை நிறுத்தினார். சித்தி மூன்றாவது தடவையாக, ஒரு எழுத்தும் விடாமல் சொன்னாள்.

"போதும். இன்னும் பத்து வருஷத்துக்கு இதை வச்சு ஓட்டிக்குவேன்" என்றார் உலைக்காரர். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "எத்தனை வெளியில போச்சு?"

"நாப்பத்தெட்டு."

அவர் எழுந்து தன் அடுப்புப் பெட்டியைப் பார்க்கப் போனார். சூடு காட்டுகிற முள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எவ்வளவு எரிந்தாலும் அது மிதமாகத்தான் காட்டும். அவருடைய முள்ளும் அவளுடைய அரமும் ஒரே வாரத்தில் கைவிட்டிருக்கின்றன. கண் மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் அவள் டியூப் லைட் என்று கிண்டல் செய்திருக்கிறாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. சித்தி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒருத்தராவது குறை சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"மழுங்கினா தீட்டிக்குவாங்கம்மா. எல்லாக் கத்தியும் மழுங்கத்தானே செய்யும்?"

"இது தீட்டத் தீட்ட மழுங்கும். அவங்களுக்குக் கடிதம் போட்டுத் திருப்பி வாங்கணும். பிடியைக் கழட்டி, மறுபடி துவைச்சல் போட்டு அனுப்பணும்."

"பார்த்து அனுப்பிய கத்தின்னு அச்சடிச்சுக் கொடுத்திருக்கோம். இப்ப நாமளே தப்புன்னு எழுதினா, அப்புறம் அந்தப் புள்ளியை எவன் மதிப்பான்?"

"தப்பான கத்தியில இருக்குற புள்ளியை எதுக்கு சார் மதிக்கணும்?"

முதலாளி பேனா மூடியைத் திருகி மூடினார். "சரி, எழுது. கீழே நீயே கையெழுத்துப் போடு. ஆனா ஒண்ணு. வாங்கினவங்க நம்மள விட்டுட்டுப் போனாங்கன்னா நீ பழையபடி பேக்கிங்குக்குப் போயிடணும். அந்த மேசைக்கு வேற ஆளைப் போடுவேன்."

"போறேன் சார். வர்ற ஆளுக்குப் புது அரம் மட்டும் வாங்கிக் கொடுத்துடுங்க."

கடிதத்தை அவளே எழுதினாள். எனக்கு போனில் படித்துக் காட்டினாள். நான் இரண்டு இடத்தில் நாசூக்காக மாற்றலாம் என்றேன். "நாசூக்கு உன் ஊர் சுத்துற வேலைக்கு வச்சுக்கோ" என்றாள். கடிதம் இப்படித்தான் போனது: 'உங்களிடம் உள்ள கத்தியைச் சோதித்துப் புள்ளி வைத்தது நான். என் சோதனை தவறு. அந்த அலகு மிருதுவானது, கூர் தங்காது. திருப்பி அனுப்புங்கள். சரி செய்து அனுப்புகிறேன்.'

முதல் பத்து நாள் ஒன்றும் வரவில்லை. வீட்டில் சித்தி சாதாரணமாகத்தான் இருந்தாள் என்று சித்தப்பா சொன்னார். ஆனால் மேசை இழுப்பறையைக் காலி செய்து, தன் சாமான்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தாளாம். யாராவது கேட்டால், "பூச்சி வருது, சுத்தம் பண்ணினேன்" என்பாளாம்.

பதினோராவது நாள் மூன்று கத்திகள் வந்தன. அடுத்த வாரம் பத்து. ஒருவர் கத்தியோடு ஒரு பக்கம் திட்டி எழுதியிருந்தார். அதைச் சித்தி படித்துவிட்டு, "நியாயமாத்தான் திட்டியிருக்கார், எழுத்துப் பிழைகூட இல்ல" என்று மடித்து வைத்துக்கொண்டாள். இன்னொருவர் வேறு கடையில் வாங்கிய கத்தியையும் சேர்த்துப் போட்டு, 'இதையும் நீங்களே சோதித்துச் சொல்லுங்கள்' என்று சீட்டு வைத்திருந்தார். அந்தச் சீட்டை முதலாளி வெகுநேரம் கையில் வைத்திருந்தாராம். மொத்தம் நாற்பத்தொன்று திரும்பி வந்தன.

சித்தப்பாதான் பாவம். நாற்பத்தொரு பிடியையும் உடைத்துக் கழற்ற வேண்டும். "என் கையால போட்டதை என் கையாலயே உடைக்கிறேன். இதுக்கு நீ ரிஜெக்ட்டே பண்ணியிருக்கலாம்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை சொன்னார். அவர் பேசிக்கொண்டே தட்டியதில் பிசகி நெளிந்த ஒரு அலகை மட்டும் சித்தி எடுத்து, நிமிர்த்துவதற்காகத் தனியாக வைத்தாள். உலைக்காரர் முள்ளை மாற்றி, நாற்பத்தொன்றையும் மறுபடி காய்ச்சினார். புதுப் பூண், புதுப் பிடி, புதுப் புள்ளி.

பேக்கிங் பற்றி முதலாளி அப்புறம் பேசவே இல்லை. ஒருநாள் காலையில் அவள் மேசையில் ஒரு டஜன் புது அரம் இருந்தது. அவர் பேசுகிற விதம் அது. சித்தி பையிலிருந்து தன் சாமான்களை எடுத்து இழுப்பறைக்குள் அடுக்கினாள்.

திரும்பி வராத ஏழு மட்டும் அவளை விடவில்லை. அந்த ஏழு விலாசங்களுக்கும் மறுபடி எழுதினாள். அதற்கும் பதில் இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில் அவற்றை எழுதிவைத்தாள்.

மூன்று வருடம் கழித்து நான் திரும்பி வந்தேன். போன இடத்திலெல்லாம் எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் முதலில் கத்தியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடிக்கிற பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது. இரண்டு வேலை அதனால் போயிருக்கிறது. பட்டறைக்குள் நுழைந்ததும் சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வளைஞ்சிருக்கே, சரியா சாப்பிடலையா?" என்றாள்.

மேசையில் இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள் புதிதாக இருந்தன. உலைக்காரர் செய்து கொடுத்தவை. ஒன்று நல்ல கெட்டி, ஒன்று வேண்டுமென்றே ஊதாவாக விட்டது. தினமும் காலையில் அலகைத் தொடுவதற்கு முன்னால் அரத்தை அந்த இரண்டிலும் இழுத்துப் பார்க்கிறாள். ஒன்றில் வழுக்கி இன்னொன்றில் கடித்தால்தான் அன்றைக்கு அந்த அரத்துக்கு வேலை. அடுப்பிலிருந்து வரும் அலகை அவளும் உலைக்காரரும் சேர்ந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். இருவரும் வைக்கோல் என்று சொன்னால்தான் சாணைக்குப் போகும்.

அதற்காக அவள் இளகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். நான் போன அன்றே உலைக்காரரின் அலகுகளில் ஆறைத் திருப்பி அனுப்பினாள்.

"தங்கச்சி, மன்னிப்பு கேட்டதெல்லாம் மறந்துபோச்சா?"

"மன்னிப்பு கேட்டது வேற அண்ணே, வளைஞ்ச அலகு வேற. இதை நிமிர்த்துங்க."

பட்டறைக்கு வருகிற மெயில்களைப் படித்துப் பதில் போடுவது இப்போது என் வேலை. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. போன வாரம் அந்த ஏழு விலாசங்களில் ஒன்றிலிருந்து ஒரு மெயில் வந்தது. சித்தியைக் கூப்பிட்டுப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவைக்கு உலைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்த சீட்டை எடுத்து ஒரு வரியை அடித்தாள். மீதி ஆறு பேருக்கும் இன்றைக்கே மறுபடி எழுது, இந்த மெயிலையும் கூடவே வைத்து அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெயில் இது:

'மூன்று வருடம் முன்பு நீங்கள் போட்ட கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டாவது கடிதமும் இருக்கிறது. நான் கத்தியை அனுப்பவில்லை. மற்றவர்களுக்குப் போனதுதான் கெட்டதாக இருக்கும், என்னுடையது நல்லது என்று நினைத்தேன். புள்ளி இருந்ததே. நான் ஒரு விடுதியில் நூறு பேருக்குச் சமைக்கிறேன். இரண்டு வருடமாகக் காய் நறுக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது. வெங்காயம் நசுங்குகிறது. வயதாகிவிட்டது, கை போய்விட்டது என்று நினைத்து, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று என் இடத்துக்கு வரப்போகிற பெண் தன் கத்தியோடு வந்தாள். உங்கள் கத்தி, புதியது. அதை வாங்கி ஒரு வெங்காயம் நறுக்கினேன். அப்புறம் ஒரு கூடை நறுக்கினேன். இன்று காலை மேனேஜரிடம் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு எங்கள் இன்னொரு சமையலறையில் இடம் சொல்லியிருக்கிறேன். என் கத்தியைப் பார்சலில் போட்டாயிற்று. சீக்கிரம் சரி செய்து அனுப்புங்கள். நாளைக்கும் நூறு பேர் சாப்பிட வருவார்கள்.'